ஆஸ்பத்திரியில் போட்ட வளையம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய் வரும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். இருந்தேன் என்பதைவிடத் தொங்கினேன் என்று சொல்வதே சரி. ஆட்கள், மூட்டை, கோழி, வாழைத்தார் என்று எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் வண்டிக்குள் இடம் பார்த்துக் கொடுத்த பிறகு, எனக்கென்று மிஞ்சுவது படிக்கட்டு ஒன்றுதான். அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் வண்டியின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பை மூட்டுவதும் கிளறிவிடுவதும் கண்டக்டர் பாடு. காலையில் காக்கிச் சட்டையோடு புறப்படுகிறவன், சாயங்காலம் கரிமூட்டைக்குக் கைகால் முளைத்த மாதிரி வீடு திரும்புவேன்.

அந்த வண்டியில் ஏறுவதற்கே ஜனங்கள் முண்டியடித்தார்கள். ஏறாமல் இருந்த ஒரே ஆள் என் மனைவி. கண்டக்டர் பெண்டாட்டிக்கு டிக்கெட் கிடையாது, முன்சீட்டு உண்டு, வீட்டு முனையில் நிறுத்தி இறக்கிவிடுவார்கள். இவ்வளவு சலுகையும் தூசி படிந்து கிடந்தது. கூப்பிட்டால் தலைவலி என்பாள், பிள்ளைக்குச் சளி என்பாள், இன்னொரு நாள் பார்ப்போம் என்பாள். ஊரில் இது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

"ஏன் கண்டக்டரே, ஒம்ம வீட்டம்மாவே ஒம்ம வண்டிய நம்பி ஏற மாட்டேங்காகளே. நாங்க எப்பிடி ஏற?"

"அவளுக்கு வண்டி மேல நம்பிக்கை இருக்குய்யா. என் மேலதான் இல்ல" என்று நானும் சிரித்துவைப்பேன். சிரித்துவைப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எங்கே பதில் தெரியவில்லையோ அங்கே சிரிப்பது என்பது என் வழி. என் வீட்டில் பதில் தெரியாத இடங்கள் ஏராளமாக இருந்ததால் நான் மிகவும் சந்தோஷமான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

என் அம்மாவுக்கு இந்தச் சிரிப்பு பிடிக்காது. மருமகள் குடம் தூக்குவதில்லை, உரலில் நின்று குத்துவதில்லை, ஒரு கல்யாணம் காட்சிக்கு வருவதில்லை, புருஷன் படுக்கும் அறைப் பக்கமே தலைவைப்பதில்லை. இந்தக் கடைசிக் குறையை மட்டும் என்னிடம் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவருக்கு அடுத்த பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா அதற்கு ஒரு மருந்தும் வைத்திருந்தாள். வத்திராயிருப்பில் அவளுக்குத் தம்பி முறையில் ஒருவர் இருந்தார். தென்னந்தோப்பு உண்டு, கல்யாணத்துக்கு ஒரு பெண் உண்டு. அந்தப் பெண்ணை எனக்கு இரண்டாவதாகக் கட்டிவைப்பது என்பது மருந்து. அந்தக் காலத்தில் இதை யாரும் பெரிய விஷயமாக நினைக்க மாட்டார்கள். சட்டமும் தடுக்கவில்லை.

"இடுப்புல ஒரு கொடம், தலையில ஒரு கொடம் வச்சுக்கிட்டு ஓடுவா அந்தப் புள்ள" என்பாள் அம்மா.

"தண்ணி சொமக்கன்னா ஒரு மாடு வாங்கிக்கிடலாமேம்மா."

"மாடு ஒனக்குச் சோறு பொங்குமாலே?"

நான் சிரித்துவைப்பேன். என் மனைவி சிரிக்க மாட்டாள். அந்தப் பெண் வந்துவிட்டால் தான் இரண்டு பிள்ளைகளோடு ஆலங்குளத்தில் தன் அப்பா வீட்டுக்குப் போய், மழையைப் பார்த்து விதைக்கிற அந்தக் கரட்டுக்காட்டில் அண்ணிகளின் கையை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். அம்மா அதை மறைக்கவும் இல்லை. "பொறந்த வீட்டுல செத்த நாள் இருந்துட்டு வரட்டும்" என்று ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். எங்கள் வண்டிக்கு அதுதான் அறுவடை. அந்த வருஷம் எப்படியும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், அம்மா வாயை அடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தேருக்கு வாரியா இல்லியா?"

"நான் வரல. நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க."

"ஏன்னு ஒரு நாளாச்சும் சொல்லேன். இந்த வருசம் தலைவலின்னு சொல்லக்கூடாது. போன வருசம் அதச் சொல்லியாச்சு."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. "அடி எறங்கிருச்சு" என்றாள்.

எனக்குத் தெரிந்த அடி ஒன்றுதான். "அடியா? யாரு அடிச்சா? அம்மாவா?"

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முடிந்ததும் சின்னப் பெண் மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

பெரியவன் பிறந்தபோது தொடங்கியதாம். அந்தப் பிரசவம் எனக்கும் நினைவிருக்கிறது. இப்போது விடியும், அதற்குள் பிறந்துவிடும் என்று பார்த்துப் பார்த்து அடுத்த விடியலும் வந்துவிட்டது. மருத்துவச்சி வயிற்றின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்தினாளாம். பிள்ளை பிழைத்தது, தாயும் எழுந்தாள், ஊருக்கெல்லாம் கருப்பட்டி கொடுத்தோம். தீட்டுக் கழிந்த கையோடு உலக்கையைப் பிடித்தாள். உலக்கை மேலே போகும்போது, உள்ளே ஏதோ ஒன்று கீழே வந்தது. கர்ப்பப்பை தன் இடத்தை விட்டு இறங்கியிருந்தது. படுத்தால் உள்ளே போகும். நின்றால், குனிந்தால், குடம் தூக்கினால் வெளியே வரும். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு படுத்தாலும் முழுதாகப் போவதில்லை. நடந்தால் உரசிப் புண்ணாகிறது. தும்மினால் சேலை நனைகிறது. இடுப்பு வலி என்பது தனியாகச் சொல்லுகிற விஷயமே இல்லை. அது வீட்டில் ஓர் ஆள் மாதிரி கூடவே இருக்கிறது. பஸ்ஸில் வந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய்த் திரும்பி வரும். அப்புறம் வாடை. பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்களோ என்ற பயம். என் பக்கத்தில் வராமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"இத எந்த வாயால சொல்ல? ஒங்ககிட்ட சொன்னா சிரிப்பீக."

நியாயமான பயம். என் முகத்தைப் பார்த்த யாருக்கும் வருவதுதான்.

மறுநாள் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டே டிரைவரிடம் பேச்சைத் தொடங்கினேன். அவர் என்னைவிட மூத்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஆம்பளைகள் இந்தச் சமாசாரத்தைப் பேசிக்கொள்ள எங்கள் பக்கத்தில் அப்போது பாஷை கிடையாது. ஆகவே இருக்கிற பாஷையில் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு வண்டிக்கு அடி எறங்கிப்போச்சுன்னா என்ன செய்யணும்?"

"எந்த வண்டிக்கு?"

"எங்க வீட்டு வண்டிக்கு."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். எங்கள் வீட்டில் மாட்டு வண்டிகூடக் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

"எப்பத்துல இருந்து?"

"மொத லோடு எறக்குனதுலயே போச்சாம். ரெண்டாவது லோடுல ரொம்ப மோசம்."

"ம். ஸ்பிரிங் விட்டுருக்கும். அதுக்கு மேல பாரம் ஏத்தக்கூடாது. மேடு பள்ளத்துல ஓட்டக்கூடாது. ஏத்துனியாலே?"

"ஏத்தியிருக்கு அண்ணாச்சி. தெரியாமத்தான்."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எங்க வீட்டு வண்டிக்கும் இருந்துச்சு. வில்லிபுத்தூருக்குள்ள நுழையறதுக்கு முன்னால வேதக்காரக ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்குல்லா, வேப்பமரத்து வளைவுல? அங்க ஒரு பொம்பள மெக்கானிக் இருக்காக. அவியகிட்ட கொண்டு போ. நம்ம வண்டியில வேண்டாம். ரயில்ல போ."

ரயில் எங்கள் கம்பெனிக்குப் பங்காளி மாதிரி. முகம் பார்த்துப் பேச மாட்டோம். பஸ் கண்டக்டர் ஒருவன் பெண்டாட்டியோடு ரயிலில் போவது, பூசாரி வேறு கோயிலுக்குக் காவடி எடுப்பது போல. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அப்படியும் எதிர் சீட்டில் இருந்த பருத்தி வியாபாரி கண்டுபிடித்துவிட்டார். "என்ன கண்டக்டரே, வண்டி ஓடலியா?" என்றார். "அடுப்புக்குக் கரி இல்ல" என்றேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கடைசியாக அப்பா வீட்டுக்குப் போய் வந்த பிறகு ஊர் எல்லையைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி சிறியது. டாக்டரம்மா நாசரேத் பக்கத்து வேதக்காரக் குடும்பத்துப் பெண்; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஒன்றும் கிடையாது, குரல் மட்டும் பள்ளிக்கூடத்து வாத்தியார் குரல். மனைவியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் ஒரு அம்மாள் பைபிள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கப் பிடித்திருந்தது. பஸ் ஹாரனைத் தவிர வேறு சங்கீதம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

கதவு திறந்ததும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? உக்காருங்க. இது பெருவியாதியும் இல்ல, செய்வினையும் இல்ல. பிரசவத்துல தாங்குற தசையெல்லாம் கிழிஞ்சு தளந்து போச்சு. அந்தச் சமயத்துலயே படுக்கவச்சுப் பாத்திருந்தா இம்புட்டுக்கு வந்திருக்காது. இப்ப ஒரு ரப்பர் வளையம் உள்ள வச்சிருக்கேன். அது கர்ப்பப்பையத் தாங்கிப் பிடிச்சுக்கிடும். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தா, எடுத்துக் கழுவி மறுபடி வைப்போம். கொடம் தூக்கக் கூடாது, நெல்லு குத்தக் கூடாது. புரியுதா?"

"புரியுதும்மா. இது எத்தன நாளைக்கு?"

"காலம் பூரா."

எங்கள் முதலாளி டயருக்கு ரப்பர் கிடைக்காமல் மதுரைக்கும் மெட்ராஸுக்கும் அலைந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. இதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது ரயிலடிக்கு நடக்கலாம் என்றேன். என் மனைவி ரோட்டோரம் நின்றாள். கொஞ்சம் நின்று பார்த்தாள். குனிந்து செருப்பில்லாத காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நிமிர்ந்து, "ஒங்க வண்டி எப்ப வரும்?" என்றாள்.

வந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்குப் பதிலாக வந்திருந்தவனிடம் டிக்கெட் பையை வாங்கிக்கொண்டு நான் படிக்கட்டில் நின்றேன். அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே புரிந்துகொண்டு, பிடாரிக்குப் படையல் சுமக்கிற மாதிரி வண்டியை உருட்டினார். பள்ளங்களில் எல்லாம் இறங்கி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தாண்டினோம். "ஏன்யா, மாட்டு வண்டி முந்திக்கிட்டுப் போகுது" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "அவசரம்னா அதுலயே ஏறிக்கிடுங்க" என்றேன்.

இதுவரைக்கும் காரியம் ஒழுங்காகத்தான் நடந்தது. கெடுத்தது என் வாய். வீட்டு முனையில் அவளை இறக்கிவிட்டேன்; ஆறினால் அடுப்பை மறுபடி மூட்ட வேண்டுமே என்று வண்டி நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று, "ஆஸ்பத்திரில என்னலே செஞ்சாக?" என்று கேட்டாள்.

"வளையம் போட்டு விட்டிருக்காகம்மா. இனிமே எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டேன்.

வளையம் என்றால் எங்கள் பக்கத்தில் காதில் போடுவது, மூக்கில் போடுவது, பிள்ளைக்குக் காலில் போடுவது. அம்மா மருமகளின் காதைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், குனிந்து காலைப் பார்த்தாள். ஒன்றையும் காணோம். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி வேறு வந்து உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டே அம்மா கேட்டிருக்கிறாள்.

"வளையம் எங்கட்டி?"

என் மனைவிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் வெளிய காட்டக்கூடாது அத்தே."

"ஏன் காட்டக்கூடாது?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா டாக்டரம்மாவே கழட்டிக் கழுவிப் போட்டுவிடுவாக" என்று சொல்லி, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி விஷயம் தெரிந்தவள். வேதக்காரர்கள் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் மோதிரம் போடுவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வேதத்தில் சேருகிறவர்களைத் தண்ணீரால் கழுவுவார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறாள். வளையம், கழுவுதல், வெளியே காட்டக்கூடாது என்ற சத்தியம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் விடை ஒன்றுதான் வந்தது. மருமகளை வேதத்தில் சேர்த்துவிட்டார்கள். போதாக்குறைக்கு என் மனைவி அந்த வாரமெல்லாம் நிமிர்ந்து நடந்தாள். முகத்தில் தெளிவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட பாட்டின் ராகத்தை வேறு முணுமுணுத்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வத்திராயிருப்புத் தம்பிய ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லி அந்தப் பஸ்காரன்கிட்ட சொல்லு" என்றாள், அவ்வளவுதான். தேங்காய்க்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு வண்டிக் கண்டக்டரைத் தேடிப் பிடித்து, மறக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். தனக்கு இரண்டாந்தாரம் பேச ஆளைத் தானே முனைந்து வரவழைத்தவன் எங்கள் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். கையில் ஒரு குலை இளநீர். நானும் தேங்காய் என்ற நினைப்பு மாறாமல், "வாங்க மாமா, இதுக்குப் போயி நீங்களே சொமந்துட்டு வரணுமா?" என்றேன். அவர் ஒரு மாதிரி வெட்கப்பட்டு, "இருக்கட்டும் மாப்ளே" என்றார். அந்த மாப்ளேயில் ஒரு புதுக் கனம் இருந்தது. வந்தது தேங்காய்க்காக இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா பாயை விரித்து அவரை உட்காரவைத்து, நேராகவே தொடங்கினாள்.

"தம்பி, நான் ஒண்ணும் ஒளிச்சுப் பேசல. இவ வேதத்துல சேந்துட்டா. வளையம் போட்டுட்டாக. இனிமே இவ எங்க வீட்டு விளக்கத் தொட முடியாது. ஒம் பொண்ணத் தா."

அடுப்படி வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க வளையம்?" என்றார் மாமா. வியாபாரம் பண்ணுகிறவர். பண்டத்தைப் பார்க்காமல் பேசிப் பழக்கமில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஐம்பது பேருக்குப் பதில் சொல்கிற வாய் இது.

"அது... உள்ள இருக்கு மாமா" என்றேன்.

"பொட்டிக்குள்ளயா?"

"இல்ல, உள்ள."

"சாமி அறையிலயா கொண்டு வச்சிருக்கா?" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

"அய்யோ அம்மா, உள்ளன்னா... அடியில."

"எதுக்கு அடியில?"

என் மனைவிதான் முடித்துவைத்தாள். "அத்தே, செத்த உள்ள வாங்க" என்றாள்.

இரண்டு பேரும் அடுப்படிக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நானும் மாமாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் இந்த வருஷம் தென்னையில் குரும்பை உதிர்கிறது என்றார். உதிரும் என்றேன். மலையில் மழை இல்லை என்றார். இல்லை என்றேன். உள்ளே முதலில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பிறகு என் மனைவியின் குரல், வெகு தாழ்வாக, நிற்காமல். பிறகு அம்மா ஏதோ கேட்டாள். அவள் பதில் சொன்னாள். மறுபடி அம்மா கேட்டாள். சண்டை போடுகிற மாதிரி இல்லை. சமையலுக்குப் பக்குவம் கேட்கிற மாதிரி இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்த அம்மா நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"தம்பி, சாப்பிட்டுட்டுப் போ. புள்ளைக்கு வேற நல்ல எடமாப் பாரு."

"என்னக்கா, இப்பத்தான் வேதத்துல சேந்துட்டான்னு..."

"அவ எதுலயும் சேரல. ஒடம்புக்குச் சேராம இருந்துச்சு. இப்பச் சேந்துக்கிட்டு வருது. அம்புட்டுத்தான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் இளநீரைப் பார்த்தேன். மனிதர் நல்லவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, பின்மாலை வண்டியில் நானே ஏற்றிவிட, போய்ச் சேர்ந்தார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பதை மனைவி சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். இவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அம்மா அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்துப் போட்டாளாம். பிறகு, "குதிங்கால அடியில குடுத்து ஒக்காந்தா ஒனக்கு ஏறிக்கிடுதா?" என்று கேட்டாளாம்.

"ஒங்களுக்கு எப்பிடி அத்தே தெரியும்?"

"எனக்குத் தெரியாம?"

அம்மாவுக்கும் அதேதான். துணியைப் பந்தாகச் சுருட்டி வைத்து, கச்சை மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதோடுதான் இத்தனை வருஷம் குடம் சுமந்திருக்கிறாள், நெல் குத்தியிருக்கிறாள், களை வெட்டியிருக்கிறாள். பெண்பிள்ளை என்று பிறந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்திருக்கிறாள். தான் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோமே, இவளுக்கு மட்டும் என்ன என்பதுதான் மருமகள் மேல் இருந்த கோபமெல்லாம். தாங்குகிற பொருள் ஒன்றை யாரோ செய்து வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டுவிட ஒரு பொம்பளை டாக்டர் இருக்கிறாள் என்பது அவள் காதுக்கு எட்டவே இல்லை.

"எப்ப இருந்தாம் அம்மாவுக்கு?" என்றேன்.

மனைவி கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "ஒரே ஒரு பிள்ளதான பெத்தாக" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்தபோதே எனக்குத் தலை பெரிசு என்று அம்மா அடிக்கடி பெருமையாகச் சொல்லுவாள். கம்பெனியில் கொடுத்த தொப்பி ஒன்றும் எனக்குப் பொருந்தியது கிடையாது. இந்தத் தலையை நான் இத்தனை நாள் ஊரைச் சிரிக்கவைக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு முன்னால் அது செய்த வேலை இது.

அடுத்த வாரம் அம்மா வந்து பஸ்ஸில் ஏறினாள். என் பக்கம் திரும்பவில்லை. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு போடுலே. ஓசில வந்தா எங்க போறோம்னு ஊரே கேக்கும்" என்றாள். போட்டேன். வேப்பமரத்து வளைவில் இருவரும் இறங்கிப் போனார்கள். திரும்பி வரும்போது ஏற்றிக்கொண்டேன். இருவர் முகத்தையும் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மாவுக்கு வளையம் நிற்கவில்லை. ரொம்பக் காலம் விட்டுவிட்டார்கள், தாங்கிப் பிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை, மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணினால் சரியாகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். "பாப்போம்" என்றாள் அம்மா. நானும் மனைவியும் எவ்வளவோ சொன்னோம். அந்தப் பாப்போமிலேயே கடைசிவரைக்கும் இருந்துவிட்டாள். டாக்டரம்மா கொடுத்த களிம்பில் புண் மட்டும் ஆறியது. பழைய துணியை வீசிவிட்டு, கொதிக்க வைத்துக் காயப்போட்ட சுத்தத் துணியாகக் கட்டிக்கொண்டாள். அதை என் மனைவிதான் கொதிக்க வைத்துக் கொடுப்பாள்.

என் மனைவியும் புதுப் பெண்ணாகிவிடவில்லை. இடுப்பு வலி போகவில்லை. இருமல் வந்தால் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வளைவில் இறங்குவாள். ஒரு தடவை மழையில் போக முடியாமல் தள்ளிப்போய், புண்ணாகிக் காய்ச்சலில் கிடந்தாள். ஆனாலும் தேருக்கு வந்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடம் சண்டை போட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து என் பேச்சுக்குக் குறுக்கே பேசினாள். ஆலங்குளத்துப் பேச்சை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. வீட்டில் இருந்த இரண்டு பெண்களும் குடம் தூக்கக்கூடாது. மாட்டுக்கும் வழியில்லை. முதல் வண்டி புறப்படுவதற்கு முன்னால் நான் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். ஆம்பளை குடத்தோடு வந்தால் அந்தக் கிணற்றடியில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாளிகள் எல்லாம் பாதிக் கிணற்றில் அப்படியே நின்றன.

"ஏமி கண்டக்டரய்யா, வண்டிக்குத் தண்ணியா?" என்றார் தெலுங்கு பேசும் வீட்டு அம்மாள் ஒருவர்.

"வீட்டுக்கும்மா."

"பொண்டாட்டி என்ன செய்தா?" இது இன்னொருத்தி.

"முன்சீட்டுல ஒக்காந்திருக்கா."

"வரிசையில நில்லும். டிக்கெட் வாங்குனீரா?"

"பாஸ் வச்சிருக்கேன் தாயீ."

கிணற்றடி பூராவும் சிரித்தது. நான் இறைத்ததில் பாதி என் காக்கிச் சட்டையில்தான் விழுந்தது, அதற்கும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நெசவுக்காரத் தெருப் பெண், வயது அதிகம் இல்லை. மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிற வரைக்கும் கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு அக்கா போற ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும்?"

"வேப்பமரத்து வளைவு. ஊருக்குள்ள போறதுக்கு முன்னால."

"அங்க பாக்கது ஆம்பளயா, பொம்பளயா?"

"பொம்பளதான்."

"வண்டி ரொம்பக் குலுக்குமா?"

"முன்னால ஒக்காந்தாக் குலுக்காது. நான் டிரைவர்கிட்டச் சொல்லுதேன். நீ எப்ப வாரன்னு மட்டும் சொல்லு."

அவள் தன் குடத்தை எடுக்கக் குனிந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கொஞ்சம் நின்றாள். நான் என் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவளுடையதைத் தூக்கிக்கொண்டு அவள் தெருமுனை வரைக்கும் நடந்தேன். அன்றைக்கு முதல் வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் புறப்பட்டது.